முதுகு மேஸ்திரியின் புது மெஷின்

என் வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மின்சாரக் கட்டண அட்டையில் பார்க்கலாம். மற்றபடி எங்கள் பட்டறைத் தெருவில் அவர் முதுகு மேஸ்திரி. நான் முதுகு மேஸ்திரி வீட்டம்மா. முதலில் கோபம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. இதைவிட மோசமான பட்டப்பெயரோடு எத்தனையோ பேர் குடும்பம் நடத்துகிறார்கள்.

அவர் நாற்காலி செய்கிறவர். நாற்காலிக்குக் கால் செய்ய ஆள் நிறைய உண்டு. சாய்மானத்துக்கு இவரிடம்தான் வருவார்கள். வந்தவரை நாலு எட்டு நடக்கச் சொல்வார், முக்காலியில் உட்காரச் சொல்வார், பின்னால் போய் நின்று பார்ப்பார். அளவு நாடாவைத் தொடவே மாட்டார். பலகையில் பென்சிலால் ஒரு வளைவு இழுப்பார். பிறகு பேண்ட்சா என்ற அறுப்பு மெஷினை ஓடவிட்டு, பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பி அந்த வளைவை வெட்டி எடுப்பார். கல்யாணமான புதிதில் என் முகத்தை மனப்பாடம் செய்ய அவருக்கு ஆறு மாதம் பிடித்திருக்கும். முதுகு ஒரே நாளில் பாடமாகிவிட்டது. எந்தக் கூட்டத்தில் நின்றாலும் பின்னாலிருந்து வந்து சரியாக என் தோளைத் தொடுவார்.

பதினேழு வயதில் பழப்பெட்டி அடிக்கும் கொட்டகையில் தொடங்கியவர். அங்கிருந்து அரங்குகளுக்கு இருக்கை செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். எட்டு வருடம் ஒரே அளவில் நேர் பலகை அறுத்துப் போட்டார். குட்டை, நெட்டை, கூன் எல்லாருக்கும் ஒரே சாய்மானம். நேர் முதுகு வைத்த நாற்காலி தண்டனைக்குத்தான் லாயக்கு என்று மேலாளரிடமே சொல்லிவிட்டு வெளியே வந்தார். வேலையை விட்டதும் அன்றுதான், என்னைக் கலந்து பேசாமல் பெரிய முடிவு எடுக்கும் வழக்கம் தொடங்கியதும் அன்றுதான்.

சொந்தப் பட்டறை போட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பஞ்சு வெட்டி மெத்தை தைப்பேன், அந்தப் பக்கம் அவர் மரம் அறுப்பார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட மெஷின் சத்தத்தை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடுவேன். நேராக அறுத்தால் ஒரே மாதிரி இரையும். வளைவு வெட்டும்போது ஏறி இறங்கும். ஒருமுறை தையல்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வருடம் குனிந்தே தைத்துக் கூன் விழுந்தவர். இவர் செய்துகொடுத்த நாற்காலியில் சாய்ந்து பார்த்துவிட்டு அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். அன்றிலிருந்து முதுகு மேஸ்திரி என்று யாராவது கூப்பிட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை.

அவர் கை மரத்துப்போனதை முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிய டம்ளரை நான் துணி வைத்துப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெறும் கையில் வாங்கி, வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். சட்டைப் பொத்தானைப் போடக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் மெத்தைத் துணியில் அங்கங்கே ரத்தம். ஊசி குத்திவிட்டதோ என்று என் கையைத் தேடினேன். ரத்தம் அவருடையது. சிராய் ஏறிய கட்டைவிரலோடு துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இருக்கின்றன, அசைகின்றன, ஆனால் எதுவும் உணர்வதில்லை.

உடனே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று மாதம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். வாயைத் திறந்து சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம். தடுப்புக்கு அந்தப் பக்கம் வளைவு வெட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தையலை நிறுத்திவிட்டு, அது முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓடுகிற பிளேடுக்கு மரம், விரல் என்ற பேதம் எல்லாம் கிடையாது. உணர்வுள்ள விரல் என்றால் உரசியதும் பின்வாங்கும். இவருடையதற்கு அது தெரியாது.

கடைசியில் ஒருநாள் சண்டை போட்டுத்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல்களைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இவர் தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் பஞ்சை மேசையில் வைத்துவிட்டு, தொடாமலே கேட்டார். இவர் அப்போதும் தெரிகிறது என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மணிக்கட்டில் நரம்பு பல வருடமாக நசுங்கியிருக்கிறது, அறுவை செய்தால் மேலே பரவாமல் நிறுத்தலாம், போன உணர்ச்சி திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, எப்படியும் ஓடுகிற மெஷின் பக்கம் போகவே கூடாது என்றார் டாக்டர். இவ்வளவையும் கேட்டுவிட்டு இவர் வெளியே வந்து படி இறங்கும்போது, ஒன்றுமில்லையாம், சும்மா அசதியாம் என்று என்னிடமே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசணிக்காயை வெட்டும்போது பக்கத்தில் நின்றவளிடமே மறைத்த ஆள் இவர் ஒருவர்தான்.

புது பேண்ட்சா வந்திறங்கியதும் அந்த வாரத்தில்தான். பழைய மெஷினின் கீழ்ச் சக்கரம் விரிசல் விட்டதால் முன்பே சொல்லி வைத்திருந்தார். பழையதைவிடப் பெரியது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு வார் மாதிரி பிளேடு ஓட வேண்டும். கூடவே ஒரு பிளேடு வைத்து அனுப்பியிருந்தார்கள். அது பெயருக்குத்தான், வெண்ணெயைக்கூட வெட்டாது. பழைய பிளேடுகளோ நீளம் பத்தாது. ஆக, பிளேடுகளையும் துணைச் சாமான்களையும் நாமே பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதுவரை மெஷின் பட்டறை நடுவில் சும்மா நின்றது. அவரைத் தடுக்க எனக்கும் அதுவரைக்கும்தான் அவகாசம்.

ஒரு மத்தியானம் உப்புத்தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுத உட்கார்ந்தார். பென்சில் இரண்டு முறை விரலிடுக்கில் நழுவி விழுந்தது. மூன்றாவது முறை என் பக்கம் நீட்டி, கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன், நீ எழுது என்றார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. நான் எழுதினேன்.

முதலில், கட்டை நேராக நகர ஓரமாக நிற்கும் தடுப்புச் சட்டம். பிறகு, பிளேடு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று காட்டும் முள். மேசைமேல் காந்தத்தால் ஒட்டும் விளக்கு. பலகையைக் கையால் தொடாமல் தள்ள இரண்டு தள்ளுகட்டைகள். பிளேடை இரு பக்கமும் தாங்கும் பேரிங் கைடு. மிதித்தால் மெஷினை நிறுத்தும் கால் பிரேக். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தெருப் பட்டறைக்காரர் இதையெல்லாம் வாங்கியபோது, பாடிகார்டு வைத்துக்கொண்டு மரம் அறுக்கிறான் என்று ஒரு மாதம் கேலி செய்த மனிதர் இவர். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மனதுக்குள் நினைத்தேன்.

கைடு எழுதும்போதுதான் உறைத்தது. பிளேடின் இறுக்கத்தை அவர் எந்த முள்ளிலும் பார்த்ததில்லை. விரலால் சுண்டி, அது விரலில் எப்படி அதிர்கிறது என்று பார்ப்பார். கட்டை நேராகப் போகிறதா என்பதையும் உள்ளங்கை சொல்லும், விரல் சொல்லும். ஒவ்வொரு சாமானும் அந்த மூன்று விரல்களுக்கு ஒரு பதிலாள். ஆக, தெரிகிறது தெரிகிறது என்று டாக்டரிடம் சாதித்த மனிதர் எனக்குச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தது அவர் கைக்கு என்னென்ன தெரியவில்லை என்பதைத்தான்.

அது புரிந்ததும் இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை முட்டுக் கொடுத்தாவது மெஷினை ஓட்டியே தீருவது என்று திட்டம் போட்டிருக்கிறார் என்று தோன்றியது. பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"விரல் போச்சுன்னா அதுக்கும் கடையில ஒண்ணு விக்கறாங்களாமா?"

அவர் பென்சிலை மறுபடி என் பக்கம் நகர்த்தினார். பிளேடுகளை எழுது என்றார். ஓர் அங்குல அகலத்தில் ஒன்று, அங்குலத்துக்கு மூன்று பல். முக்கால் அங்குலத்தில் இரண்டு, நாலு பல். அவ்வளவுதான் என்று எழுந்துவிட்டார். நான் இருந்த இருப்பில் அதற்குமேல் எதையும் கவனிக்கவில்லை. பிளேடு கடைக்காரர் இவருக்கு இருபது வருடப் பழக்கம். யார் பேச்சைக் கேட்காவிட்டாலும் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது, மானம் போனாலும் பரவாயில்லை, விரல் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். மறுநாள் நானும் வருவேன் என்றேன். சரி, வா என்றார்.

பிளேடு கடை என்பது ஒரு நீள அறை. இரண்டு சுவரிலும் கொக்கிகள், கொக்கிகளில் அகல வாரியாகப் பிளேடுச் சுருள்கள். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டவைத்து, ஒட்டிய இடத்தைத் தேய்த்துச் சமமாக்கித் தருவார்கள். கடைக்காரர் உற்சாகமான ஆள். வாங்க அண்ணே, வாங்க அண்ணி, புது மெஷின் வந்துடுச்சாமே என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பட்டியலை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, எங்க அண்ணனா இதையெல்லாம் கேக்கறது, அண்ணி மிரட்டி எழுத வெச்சுட்டாங்களா என்றார். எனக்குச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. சாமான்கள் எல்லாம் வரட்டும், கணக்குப் பார்க்க உட்காரும்போது ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தேன்.

முக்கால் அங்குலச் சுருளிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார் கடைக்காரர். பிளேடை எடுத்ததும் கட்டைவிரலைப் பல்மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பார்ப்பது இவர் வழக்கம். பல் நன்றாக இருந்தால் கடிக்கிறது என்பார். மழுங்கலாக இருந்தால் நக்குகிறது என்பார். பற்கள் ஒரு பக்கமாக அதிகம் சாய்ந்திருந்தால் கிள்ளுகிறது என்பார். அப்படிக் கிள்ளும் பிளேடு நேராகப் போகாது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அன்றும் பழக்க தோஷத்தில் விரல் பல்மேல் போய்விட்டது. போன வேகத்தில் நின்றது. பிளேடைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு. கடிக்குதா?"

நான் மெத்தை தைக்கிறவள். ஊசி குத்தியே தோல் தடித்த விரல். இருந்தாலும் இழுத்துப் பார்த்தேன். ஏதோ சரியில்லை. கிள்ளுகிற மாதிரி இருக்கிறது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னொரு முறை இழுத்துப் பார்த்து, வலது பக்கம் என்றேன். கடைக்காரர் நம்பாமல் கண்ணாடி வில்லையை எடுத்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். ஆமாண்ணே, ரெண்டு மூணு பல்லு வெளிய தள்ளியிருக்கு என்று அந்தச் சுருளை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்துவந்தார். இவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனதைப் பார்த்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகப் பாராட்டு வாங்குகிறேன், அதுவும் இதற்காகவா என்று நினைத்துக்கொண்டே அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினேன்.

அடுத்த சுருள் கடித்தது. ஓர் அங்குல அகலம் உள்ளதும் கடித்தது. ஒவ்வொன்றாக நான் தொட்டுச் சொல்ல, அவர் தலையசைக்க, கடைக்காரர் நீளம் குறித்துக்கொண்டு வந்தார். பாதியிலேயே அவருடைய உற்சாகம் குறைந்துவிட்டது. இவர் முகத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தார். உப்புத்தாளைத் திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அண்ணி, கால் இஞ்ச் எழுதாம விட்டுட்டீங்க."

எனக்குப் பகீரென்றது. கால் அங்குலப் பிளேடு இல்லாமல் வளைவு வெட்ட முடியாது. அகலப் பிளேடு திரும்பாது, நேராகத்தான் போகும். அகலம் குறையக் குறையத்தான் பிளேடு வளைவுக்குள் திரும்பும். இந்தக் கடைக்கு வந்தால் இவர் முதலில் கேட்பதே அதைத்தான். கோபத்தில் காதில் விழாமல் விட்டுவிட்டேனோ, அவர் சொல்லி நான் எழுதவில்லையோ என்று நேற்று நடந்ததை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். கடைக்காரர் அதற்குள் கொக்கியிலிருந்து மெல்லிய சுருளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அவ மறக்கல," என்றார் என் வீட்டுக்காரர். "நான் சொல்லல."

கடைக்காரர் நின்றார். இவர் வலது கையை மேசைமேல் மல்லாக்க வைத்தார். டாக்டரிடம் தெரிகிறது என்று சாதித்த கை, இவ்வளவு நாள் என் கண்ணில் படாமல் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த கை.

"இந்த மூணு விரல்லயும் எதுவும் தெரியலப்பா. நேர் வெட்டுன்னா சட்டம் இருக்கு, தள்ளுகட்டை இருக்கு, பாத்துக்கலாம். வளைவுக்கு எதை வாங்கி வைக்கறது? அதுக்கு விரல்தான் வேணும். இனிமே வளைவு கிடையாது. நேர் முதுகுதான்."

பிளேடு தேய்க்கும் அவ்வளவு சத்தத்திலும் அதை மெதுவாகத்தான் சொன்னார். நான் மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்த வார்த்தைகள் அவை. அவரைத் தலைகுனிய வைக்கவென்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அத்தனையையும் அவரே சொல்லி முடித்துவிட்டார். எங்கே, எப்போது, யாரோடு பேசி இந்த முடிவுக்கு வந்தார் என்று தெரியவில்லை. ராத்திரியெல்லாம் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அவர் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நான் எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது. எனக்கு நிம்மதி வரவில்லை. நேராக அறுப்பதும் மெஷின்தானே, டாக்டர் அதையும்தான் வேண்டாம் என்றார் என்று ஒரு பக்கம் மனது அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், தண்டனைக்குத்தான் லாயக்கு என்று வெறுத்து விட்டுவந்த அதே நேர் பலகைகளுக்கு நடுவில் அவர் நிற்கும் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. இனித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே மாதிரி இரைச்சல்தான் கேட்கும். அந்த ஏறி இறங்கும் சத்தத்தை நினைத்து இத்தனை நாள் பயந்தேன். இப்போது அது வராது என்றதும் பெற்ற பிள்ளையைத் தொலைத்த மாதிரி இருந்தது.

கடைக்காரர் மெல்லிய சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைத் தடுப்பதற்காகவே வீட்டிலிருந்து கிளம்பி வந்தவள் நான். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒண்ணே ஒண்ணு வாங்கி வைக்கலாமேங்க. ஆபரேஷன் பண்ணி கை சரியாயிட்டா வேணும்ல?"

இவர் சுருளைப் பார்த்தார். கையை நீட்டுவார் என்றுதான் நினைத்தேன். மேசைமேல் இருந்த கையை எடுத்து மறுபடி பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"பட்டறையில இருந்தா எடுத்து மாட்டி ஓட்டிடுவேன்," என்றார். "என்னை நம்பி அதை வாங்காத."